ஏழு சிலிண்டர், ஒரு கிராங்க்: சிறு விமானங்களின் ரேடியல் எஞ்சினும் நம் பொறுப்பும்

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். விமானம் பிரான்சும் இத்தாலியும் கூட்டாகக் கட்டுவது. அதன் இறக்கைகளில் பொருத்தியிருக்கும் டர்பைன் எஞ்சின்களைச் செய்கிற பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனம் 1928இல் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையாகத்தான் தொடங்கியது. அந்தப் பட்டறைக்கு வந்த எஞ்சின் 'வாஸ்ப்'. நடுவில் ஒரு கிராங்க், அதைச் சுற்றி நட்சத்திரம் போல ஒன்பது சிலிண்டர்கள், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் உடல். இதைத்தான் ரேடியல் எஞ்சின் என்கிறோம். விமானப் பயணத்தை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியதில் இந்த வகை எஞ்சினுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெரிய ரேடியல்களின் கதை பலருக்கும் தெரியும். டகோட்டா விமானத்தின் 1,200 குதிரைத்திறன் எஞ்சினைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதே குடும்பத்தில் 40, 75, 100 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட சிறிய ரேடியல்களும் இருந்தன. ஒருவரோ இருவரோ ஏறிப் பறக்கும் குட்டி விமானங்களை அவை தூக்கிச் சென்றன. இந்தச் சிறிய எஞ்சின்கள் எங்கே பிறந்தன, எப்படி வேலை செய்தன, இந்திய வானில் என்ன செய்தன, ஏன் மறைந்தன, இன்று எங்கே உயிரோடு இருக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இது: திறன் குறைந்ததால் இவை தோற்கவில்லை. பராமரிக்கும் கையும் உதிரிபாகமும் அருகில் இல்லாத இடங்களில்தான் தோற்றன. அந்தக் கைகள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன.

பிரெஞ்சுப் பட்டறைகளின் பிள்ளை

1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். சுமார் 37 நிமிடப் பயணம். அவருடைய பதினோராம் மாதிரி விமானத்தில் இருந்தது அலெஸாந்த்ரோ அன்ஸானி செய்த 25 குதிரைத்திறன் எஞ்சின். அன்ஸானி இத்தாலியர், பட்டறை வைத்தது பாரிசை ஒட்டிய கூர்பவுவாவில். மூன்று சிலிண்டர்கள் விசிறி மடிப்பு போல மேல்நோக்கி விரிந்திருக்கும். முழு வட்டமாக அமைக்காததற்குக் காரணம் இருந்தது. கீழ்நோக்கித் தொங்கும் சிலிண்டரில் ஆயில் இறங்கித் தங்கும்; ஸ்பார்க் பிளக் நனைந்து கெடும். அந்தச் சிக்கலை அவிழ்த்த பின் அன்ஸானியே மூன்று சிலிண்டர்களையும் 120 பாகை இடைவெளியில் வைத்தார். பிறகு ஆறு, பத்து சிலிண்டர் என்று வரிசையை வளர்த்தார். வழியில் பெய்த மழைதான் பிளெரியோவின் சூடேறிய எஞ்சினைக் காப்பாற்றியது என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. காற்றால் குளிரும் எஞ்சினின் முதல் பெரிய கவலை வெப்பம் என்பதை அந்தக் கதை சரியாகவே பிடித்திருக்கிறது.

அதே காலத்தில் பிரான்சின் செகென் சகோதரர்கள் வெப்பத்துக்கு வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய 'க்னோம்' எஞ்சினில் கிராங்க் அசையாது. சிலிண்டர்கள் முழுவதுமே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். சுழற்சியிலேயே குளிர்ச்சி கிடைத்துவிடும். ஆனால் உள்ளே போகும் விளக்கெண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் வெளியே சிதறும். சுழலும் கனம் விமானத்தைத் திருப்பும்போது ஒரு பக்கம் இழுக்கும். வேகம் கூட்டவும் எல்லை உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் இந்த வகைக்கு வாழ்வு முடிந்தது.

அசையாத சிலிண்டர்களைக் காற்றாலேயே நம்பகமாகக் குளிர வைப்பது எப்படி என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஏ.எச். கிப்சனும் சாமுவேல் ஹெரனும் செய்த ஆய்வுகள் விடை தந்தன. எஃகுக் குழாய்க்கு அலுமினியத் தலை, தேவையான இடத்தில் தேவையான ஆழத்தில் குளிர்ச்சிச் செதில்கள், வெளிச்செல்லும் வால்வுக்குத் தனிக் கவனம் என்று இலக்கணம் உருவானது. ஹெரன் பிறகு அமெரிக்கா சென்றார். அவருடைய சோடியம் நிரப்பிய வால்வு, எஞ்சின்களின் ஆயுளையே மாற்றியது. 1927 மே மாதம் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு 33½ மணி நேரம் நிற்காமல் பறந்தது ஒற்றை ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினை நம்பித்தான். அது ஒன்பது சிலிண்டர், 220 குதிரைத்திறன் கொண்ட ரேடியல். காற்றால் குளிரும் எஞ்சின் கடலைத் தாண்டுமா என்ற சந்தேகம் அத்தோடு ஒழிந்தது.

ஒற்றைப்படையின் கணக்கு

ரேடியல் எஞ்சினில் ஒரு வரிசைக்கு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையிலேயே சிலிண்டர்கள் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை வெடிக்க வேண்டும். ஏழு சிலிண்டர் எஞ்சினில் 1, 3, 5, 7, 2, 4, 6 என்று ஒன்று விட்டு ஒன்றாக வெடிப்பு நகரும். முதல் சுற்றில் விட்டுப்போனவை இரண்டாம் சுற்றில் தானாகவே முறைக்கு வந்துவிடும். இடைவெளி எங்கும் சமம். இரட்டைப்படையாக இருந்தால் இந்தச் சீர் அமையாது.

எல்லாப் பிஸ்டன்களும் ஒரே கிராங்க் முனையைத்தான் தள்ளுகின்றன. ஏழு கனெக்டிங் ராடுகளை ஒரே இடத்தில் அடுக்க முடியாது. ஆகவே ஒன்று மட்டும் மாஸ்டர் ராடாகக் கிராங்கைப் பற்றிக்கொள்கிறது. மற்ற ஆறும் அதன் பெருந்தலையைச் சுற்றிச் சிறு பின்களில் இணைகின்றன. வால்வுகளை இயக்குவதிலும் இதே சிக்கனம்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கேம் வேண்டாம். நான்கு புடைப்புகள் கொண்ட ஒரே வளையம் கிராங்குக்கு எதிர்த்திசையில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றினால் ஒன்பது சிலிண்டரின் உள்வால்வுகளும் முறைப்படி திறந்து மூடும். வெளிவால்வுகளுக்கு இன்னொரு வரிசைப் புடைப்பு.

இந்த அமைப்பின் ஆதாயம் எடை. கிராங்க் குட்டையானது, உறுதியானது. கிராங்க் பெட்டியும் சிறியது. ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், பம்ப் எதுவும் இல்லை. ஒழுகவும் கொதிக்கவும் ஒன்றும் இல்லை. எல்லாச் சிலிண்டர்களும் எதிர்க்காற்றுக்கு ஒரே மாதிரி முகம் காட்டி நிற்கின்றன. வெயிலும் புழுதியும் நிறைந்த, பட்டறை தொலைவில் இருக்கிற நாடுகளுக்கு இது பெரிய வரம்.

சிறிய ரேடியல்களின் பொற்காலம்

1920களின் நடுவிலிருந்து 1930களின் இறுதி வரை சிறிய ரேடியல்கள் செழித்தன. பிரான்சில் பிலாங்கூரின் சால்ம்சன் தொழிற்சாலை முன்னணியில் இருந்தது. கான்டன், உன்னே என்ற இரண்டு சுவிஸ் பொறியாளர்களின் வடிவமைப்பில் தண்ணீரால் குளிரும் ரேடியல்களைச் செய்து போர்க்காலத்தில் பெயர் பெற்ற நிறுவனம் அது. போர் முடிந்ததும் காற்றுக் குளிர்ச்சிக்கு மாறி, 40 குதிரைத்திறனிலிருந்து தொடங்கும் ஒரு முழு வரிசையையே உருவாக்கியது. கோத்ரோன் லூசியோல் போன்ற பயிற்சி விமானங்களில் சால்ம்சனின் ஏழு சிலிண்டர் எஞ்சின் பறந்தது; மொரான் சோல்னியே 315 பயிற்சி விமானத்தில் ஒன்பது சிலிண்டர் எஞ்சின். இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் சிட்லியின் ஐந்து சிலிண்டர் 'ஜெனெட்' வந்தது. சோவியத் ஒன்றியத்தில் ஷ்வெத்சோவ் வடிவமைத்த ஐந்து சிலிண்டர் எம்-11, போ-2 என்ற எளிய இரட்டை இறக்கை விமானத்தைப் பல பத்தாண்டுகள் சுமந்தது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் பெண் விமானிகளின் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு பறந்தது அந்த 100 குதிரைத்திறன் எஞ்சினில்தான்.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு. ஒன்று சால்ம்சனின் ஒன்பது சிலிண்டர் ஏ.டி.9. மொத்தக் கொள்ளளவு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. திறன் 40 முதல் 50 குதிரைத்திறன். இன்னொன்று டக்ளஸ் பாப்ஜாய் உருவாக்கிய ஏழு சிலிண்டர் பாப்ஜாய் ஆர். சுமார் 2½ லிட்டரில் 75 குதிரைத்திறன். அன்றைய சிறிய எஞ்சின்கள் மெதுவாகச் சுற்றியே சக்தி தந்தன. பாப்ஜாயோ கிராங்கை நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவுக்கு ஓட விட்டார். பல்சக்கரம் வைத்துப் புரொப்பெல்லரை அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில் சுழல விட்டார். எஞ்சின் வேகமாகவும் புரொப்பெல்லர் நிதானமாகவும் ஓட வேண்டும் என்ற இரண்டு தேவையும் அப்படி நிறைவேறின.

இவற்றின் சிலிண்டர் அளவுகள் தமிழ்நாட்டு மெக்கானிக் ஒருவரை உடனே நிமிர்ந்து உட்கார வைக்கும். சால்ம்சனின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 86. பாப்ஜாயில் 72க்கு 87. 1955 முதல் திருவொற்றியூரில் உருவாகிவந்த புல்லட் 350 மோட்டார் சைக்கிளில் 70க்கு 90. மூன்றுமே காற்றால் குளிர்பவை. மூன்றிலும் புஷ் ராடு, ராக்கர், செதில் போட்ட சிலிண்டர். நாம் தெருவில் தினமும் பார்க்கிற ஒரு புல்லட் சிலிண்டரை ஏழாகப் பெருக்கி வட்டமாக நிறுத்தினால் ஒரு பாப்ஜாயின் உருவம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். விமான எஞ்சினுக்கான உலோகத் தரமும் எடைக் கட்டுப்பாடும் சான்றிதழும் வேறு என்பது உண்மை. ஆனால் கை அறிய வேண்டிய வேலை, போரிங், ஹோனிங், ரிங் இடைவெளி, வால்வு அரைப்பு, டேப்பெட் வைப்பது, எல்லாம் நம் பட்டறைகளுக்குப் பழகிய வேலைதான்.

இந்திய வானில்

தென்னிந்தியாவின் முதல் விமான முயற்சி பிளெரியோவின் சாதனையிலிருந்து நேரடியாகக் கிளைத்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்ற ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனம் அதைக் கட்டிக் கொடுத்தது. பல்லாவரத்தில் சோதித்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார் என்று சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா எழுதியிருக்கிறார். பிளெரியோ கால்வாயைக் கடந்து எட்டே மாதத்தில் இது நடந்தது. குதிரை வண்டி கட்டிய கைகளே விமானமும் கட்டின என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி.

1930களில் இந்தியாவின் பறத்தல் கழகங்களில் பெரும்பாலும் நிறைந்திருந்தவை டி ஹாவிலண்ட் மாத் வகை விமானங்கள். அவற்றின் ஜிப்சி எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா அஞ்சல் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்திலும் வரிசை எஞ்சின்தான். ஆகவே சிறிய ரேடியல் இங்கே சிறுபான்மை. ஆனாலும் அது விட்டுச் சென்ற தடம் ஆழமானது.

நிக்கோலஸ் காம்பர் வடிவமைத்த 'ஸ்விஃப்ட்' ஒருவர் மட்டுமே அமரக்கூடிய குட்டி விமானம். தொடக்கத்தில் சில ஸ்விஃப்ட்கள் சால்ம்சன் ஏ.டி.9 எஞ்சினோடு வந்தன. பிறகு பாப்ஜாய் ஆர் அதன் நிலையான எஞ்சின் ஆயிற்று. 1931இல் ஆர்தர் பட்லர் அந்த 75 குதிரைத்திறனை நம்பி இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது நாள் சொச்சத்தில் பறந்து சாதனை படைத்தார். இந்தியாவில் தேயிலைத் தோட்டக்காரரான ஆல்பன் அலி ஒரு ஸ்விஃப்ட் வாங்கி, வி.டி.-ஏ.டி.ஓ. என்ற இந்தியப் பதிவெண்ணில் வைத்திருந்தார். செந்நிறத் தேவதை என்று பொருள்படும் 'ஸ்கார்லெட் ஏஞ்சல்' என்று பெயரும் சூட்டினார். 1933இல் தில்லியில் நடந்த வைஸ்ராய் சவால் கோப்பைப் போட்டியில் அது பறந்தது. அதே போட்டிக்காக இங்கிலாந்திலிருந்து ஸ்விஃப்ட் ஒன்றை இந்தியா வரை ஓட்டி வந்த இளைஞர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த். அலியின் விமானம் அந்த ஆண்டே இங்கிலாந்துக்குப் பறந்து சென்றது. இன்று அது ஷட்டில்வொர்த்தின் பெயரால் ஓல்ட் வார்டனில் இயங்கும் விமானச் சேகரிப்பில் இருக்கிறது. இந்தியப் பதிவெண்ணோடு தொடங்கிய ஒரு சிறிய ரேடியல் விமானம் 90 ஆண்டு கடந்தும் காக்கப்பட்டிருக்கிறது. காத்தது நாம் அல்ல.

இந்திய விமானப் படையின் பிறப்பும் ரேடியலோடுதான். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோட்டில் அமைந்த முதல் ஸ்குவாட்ரனின் வாப்பிட்டி விமானங்களில் பிரிஸ்டல் ஜூப்பிட்டர் என்ற ஒன்பது சிலிண்டர் ரேடியல் இருந்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் எழுந்தது. 1941இல் அங்கே உருவாகிப் பறந்த ஹார்லோ பயிற்சி விமானத்தில் இருந்தது வார்னர் சூப்பர் ஸ்காரப். ஏழு சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, சிறு விமானங்களுக்கே உரிய ரேடியல். இந்தியாவின் விமானத் தொழில் தன் முதல் அடியை ஒரு சிறிய ரேடியலோடுதான் எடுத்து வைத்தது. போர்க்காலத்தில் அதே தொழிற்சாலை அமெரிக்க விமானப் படைக்காகப் பெரிய ரேடியல்களைப் பிரித்துப் பூட்டும் பெரும் பணிமனையாக மாறியது. அந்த அனுபவத்தில் வளர்ந்த கைகள்தான், போர் முடிந்து கான்பூரில் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மீட்டு விமானப் படைக்குப் பறக்க வைத்துக் கொடுத்தன.

தமிழர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை எப்படி ஈர்த்தன என்பதை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். படிப்பு முடிந்து பெங்களூர் இந்துஸ்தான் நிறுவனத்தில் பயிற்சி பெற்றபோது எஞ்சின் ஓவர்ஹால் குழுவில் பணியாற்றியதையும், ரேடியல் எஞ்சின் வேலையில் பழகியதையும், கிராங்கின் தேய்மானத்தையும் கனெக்டிங் ராடின் முறுக்கலையும் சோதிக்கக் கற்றதையும் குறிப்பிடுகிறார். ராக்கெட் மனிதராக நாம் அறிந்தவரின் கைக்கல்வி பிரித்துப் போட்ட பிஸ்டன் எஞ்சின்களின் நடுவில் நடந்தது. கண்ணால் பார்க்க ஒரு பழைய விமானமும் தொட்டுப் பழக ஒரு எஞ்சினும் மாணவருக்குக் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடல் கடந்த தமிழர் வாழ்விலும் ரேடியல் ஒலித்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பறந்தது டகோட்டா, அதன் இறக்கைகளில் இரண்டு பதினான்கு சிலிண்டர் ரேடியல்கள்.

ஏன் தோற்றது?

சிறிய ரேடியல் மறைந்ததற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் காற்றுத் தடை. வட்டமான முகப்பு எதிர்க்காற்றை வாங்கும். விமானியின் பார்வையையும் மறைக்கும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தடைக்கு மருந்து 1920களின் இறுதியிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் டவுனெண்ட் வளையமும், அமெரிக்காவில் ஃபிரெட் வெய்க் குழு 1928இல் உருவாக்கிய என்.ஏ.சி.ஏ. கவுலிங்கும் சிலிண்டர்களைச் சுற்றி ஒரு கூடு அமைத்துக் காற்றை ஒழுங்குபடுத்தின. சோதனையாகக் கர்ட்டிஸ் விமானம் ஒன்றில் அந்தக் கூட்டைப் பொருத்தியபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக ஏறியது. எஞ்சின் மாறவில்லை; மேலுறை மட்டுமே மாறியது.

உண்மையான காரணத்தை அமெரிக்காவின் கப் விமானத்தின் கதை சொல்கிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற அந்தச் சிறு விமானத்தை டெய்லர் நிறுவனம் 1930இல் உருவாக்கியபோது முதலில் பொருத்திய சிறு எஞ்சினுக்குப் போதிய வலு இல்லை. அடுத்து பிரான்சிலிருந்து சால்ம்சன் ஏ.டி.9 வரவழைத்துப் பொருத்தினார்கள். விமானம் நன்றாகவே பறந்தது. ஆனால் அதைப் பராமரிப்பதற்கு ஆன செலவு கட்டுப்படியாகவில்லை. அமெரிக்கப் பட்டறைகள் அங்குல அளவில் பழகியவை. சால்ம்சனின் ஒவ்வொரு போல்ட்டும் மில்லிமீட்டர் கணக்கு. 1931இல் கான்டினென்டல் நிறுவனம் ஏ-40 என்ற எளிய எஞ்சினைக் கொண்டுவந்தது. இரண்டிரண்டு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் அமைப்பு அது. கப் அதற்கு மாறியது. 1947 வரை ஏறத்தாழ 20,000 ஜே-3 கப்கள் உருவாயின. மூன்று சிலிண்டர் லெனாப்பி ரேடியல் பொருத்திய கப்களும் விற்பனைக்கு வந்தன. ஆனால் அலை திரும்பிவிட்டது.

படுக்கை எஞ்சினுக்குப் பாகங்கள் குறைவு, செய்வது எளிது, அடியில் தொங்கும் சிலிண்டர் தொல்லை இல்லை. பெரும் எண்ணிக்கையில் உற்பத்தியானதும் விலை இறங்கியது. ஊர்தோறும் பழகிய மெக்கானிக் கிடைத்தார். விலை, உதிரிபாகம், பழகிய கை ஆகிய மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்த பின் பொறியியல் மேன்மையால் மட்டும் எந்த இயந்திரமும் நிலைக்க முடியாது. இந்தியாவும் அதே பாதையில் போனது. இந்துஸ்தான் நிறுவனம் 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் விமானத்தில் இருந்தது கான்டினென்டலின் படுக்கை எஞ்சின்.

பராமரிப்பே கல்வி

ரேடியல் எஞ்சின் கவனத்தைக் கேட்கும். நின்றிருக்கும்போது ஆயில் மெல்ல இறங்கி அடிச் சிலிண்டர்களில் சேரும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், நசுங்காத ஆயிலின் மேல் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளையும். எனவே இக்னிஷனை அணைத்து, எஞ்சின் உயிர் பெற வாய்ப்பில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரையும் சோதிக்க இரண்டு முழுச் சுற்றாவது தேவை. கையில் தடை தட்டினால் நிறுத்திவிட்டு அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். பலம் போட்டு அழுத்தவும் கூடாது. பின்னோக்கித் திருப்பவும் கூடாது. பின்னோக்கித் திருப்பினால் ஆயில் உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்து கெடுக்கும்.

பல பழைய வகைகளில் ராக்கர்களுக்குக் குறிப்பிட்ட மணிக்கணக்கில் கிரீஸ் அடிக்க வேண்டும். உச்ச வேகத்தில் ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சிலிண்டர்கள் சீராக ஆற நேரம் வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாக எரிகிறதா என்பதை அதன் வெளிக்குழாயின் சூட்டை மற்றவற்றோடு ஒப்பிட்டே தெரிந்துகொள்ளலாம். இவற்றைக் கையேடு சொல்லும். ஆனால் அந்தத் தடை கையில் எப்படித் தட்டும் என்பதைப் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் தெரியும்.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் இன்னொரு பாடமும் சேரும். உப்புக் காற்றும் ஈரமும் எஃகுச் சிலிண்டரின் உட்சுவரை விரைவில் அரிக்கும். மேக்னெட்டோவுக்குள் ஈரம் புகுந்தால் பொறி பலவீனமாகும். ஓடாமல் வைக்கும் எஞ்சினுக்குள் துரு தடுக்கும் ஆயிலைத் தெளித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடி பிளக்குகளைப் பொருத்துவது வழக்கம். ஜெல்லின் நீல நிறம் இளஞ்சிவப்பானால் அதை மாற்ற வேண்டிய நேரம். காட்சிக்கு மட்டும் வைத்துவிட்டு இந்தக் கவனத்தை விட்டுவிட்டால் எஞ்சின் வெளியில் பளபளத்தபடியே உள்ளே செத்துப்போகும்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். இந்தப் பழைய எஞ்சின்கள் குறைந்த அழுத்த விகிதம் கொண்டவை, குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய விமானப் பெட்ரோலில் உள்ள ஈயம் பிளக்குகளில் படியும். அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். நல்ல செய்தி, நெடுங்காலம் இறக்குமதியை நம்பியிருந்த ஏவ்காஸ் 100 எல்.எல். பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல் உள்நாட்டிலேயே கொண்டுவந்துவிட்டது.

இன்று எங்கே?

உலகில் மூன்று வழிகளில் சிறிய ரேடியல் உயிர் வாழ்கிறது. முதலாவது, ஓட்டிக் காக்கும் சேகரிப்புகள். ஓல்ட் வார்டனில் 1909இன் பிளெரியோ விமானம் தன் அன்ஸானி எஞ்சினோடு அமைதியான மாலைகளில் புல்தரையிலிருந்து சிறு தாவலாக எழும்பிக் காட்டுகிறது. பிரான்சில் பாரிசுக்குத் தெற்கே லா ஃபெர்த்தே அலே விமானத்திடலில் ழான் பாப்டிஸ்ட் சாலிஸ் பெயரால் இயங்கும் அமைப்பு பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்து ஆண்டுதோறும் விழா நடத்துகிறது. இரண்டாவது, தொடர்ந்து புழங்கும் வகைகள். ஒன்பது சிலிண்டர், 360 குதிரைத்திறன் கொண்ட எம்-14பி, யாக்-52 போன்ற பயிற்சி விமானங்களில் இன்றும் ஓடுகிறது. மூன்றாவது, புதிய உற்பத்தி. ஆஸ்திரேலியாவின் ரோட்டெக் நிறுவனம் ஏழு சிலிண்டரில் 110 குதிரைத்திறன் ரேடியலை உருவாக்கியது. செக் நாட்டின் வெர்னர் நிறுவனமும் சிறிய ரேடியல்களைச் செய்கிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் செய்கிறார்கள்.

இந்தியாவில் விமானப் படையின் பழம்பெரும் விமானப் பிரிவு பாராட்டுக்குரிய பணியைச் செய்திருக்கிறது. டைகர் மாத், ஹார்வர்ட் விமானங்களை மீட்டது. 1947இல் ஸ்ரீநகருக்குப் படை கொண்டுசென்ற காலத்தின் நினைவாக வி.பி. 905 எண்ணிட்ட டகோட்டா 'பரசுராமா' என்ற பெயரில் 2018இல் பறந்து வந்து சேர்ந்தது. தில்லி பாலம் அருங்காட்சியகமும் பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகமும் அரிய எஞ்சின்களைப் பாதுகாக்கின்றன. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் எஞ்சின் வடிவத்தை மட்டும் காப்பாற்றும். ஓட்டும் அறிவையும் பிரித்துப் பூட்டும் அறிவையும் அது காப்பாற்றாது. அந்த அறிவு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால்தான் உண்டு.

புதுச்சேரி செய்யக்கூடியது

புதுச்சேரிக்குப் பழமையைப் பேணத் தெரியும். இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்து பிரெஞ்சுத் தெருக்களின் முகப்புகளையும் தமிழ்த் தெருக்களின் திண்ணைகளையும் காத்துவருகிறார்கள். சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் கொத்தனாரையும் தேக்குச் சன்னல் இழைக்கும் தச்சரையும் தேடிப் பிடித்து அவர்கள் அறிவை மதிக்கக் கற்றது இந்த ஊர். கட்டடத்துக்குக் காட்டும் அதே மதிப்பு இயந்திரத்துக்கும் வர வேண்டும். 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளின் ஏ.எஃப்.டி., தலைமுறைகளாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இயந்திரத்தோடு வாழ்ந்து வளர்ந்த ஊர் இது.

என் கோரிக்கை பெரியதல்ல. பறக்கும் விமானம் வேண்டாம். அதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் பெரும் செலவும் தேவைப்படும். இரும்புச் சட்டத்தில் பொருத்தி, பாதுகாப்பு வலை போட்டு, தரையிலேயே ஓட்டிக் காட்டக்கூடிய ஒரே ஒரு சிறிய ரேடியல் போதும். சால்ம்சனாக இருந்தால் இந்த ஊரின் வரலாற்றுக்குப் பொருந்தும். விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலேயே மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கம் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அச்சான பழைய எஞ்சின் கையேடுகளைப் படித்துத் தமிழில் விளக்கக்கூடியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். வார்ப்புக்கும் கடைசலுக்கும் கோயம்புத்தூர் இருக்கிறது. காற்றால் குளிரும் சிலிண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டக்கூடிய மெக்கானிக்குகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கப் விமானத்தைச் சால்ம்சன் இழந்தது மில்லிமீட்டர் அளவு தெரியாத பட்டறைகளால். நம் பட்டறைகள் மில்லிமீட்டரிலேயே வளர்ந்தவை.

அந்த எஞ்சினை ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்கள் முழுவதும் பிரிக்க வேண்டும், அளக்க வேண்டும், வரைந்து வைக்க வேண்டும், மீண்டும் பூட்டி மக்கள் முன் ஓட்ட வேண்டும். ஒரு பாகம் தேய்ந்தால் புதிதாகச் செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற விமானப் படைத் தொழில்நுட்பர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். ரேடியல்களைத் தொட்டுப் பழகிய தலைமுறை வயதேறிக்கொண்டிருக்கிறது. அவர்களை அழைத்துக் கற்பிக்கச் சொல்லவும், சொல்வதைப் பதிவு செய்யவும் இதுதான் நேரம். பத்து ஆண்டு கழித்துப் பணம் கிடைக்கலாம், எஞ்சினும் கிடைக்கலாம். கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்க மாட்டார்.

கணினித் திரையில் முப்பரிமாணப் படமாகச் சுழலும் எஞ்சினைப் பார்த்து ஒரு மாணவி நிறையவே கற்கலாம். ஆனால் ஏழு சிலிண்டரின் கனத்தைக் கையில் உணர்ந்து, தான் வைத்த டேப்பெட் இடைவெளியின் விளைவைத் தன் காதாலேயே கேட்பவள் வேறு வகைப் பொறியாளராக வெளியே வருவாள். இந்தியா இன்று தன் விமான எஞ்சின்களைத் தானே செய்யத் துடிக்கிறது. அந்தத் துடிப்புக்கு அடித்தளம் கையறிவு. அதைக் கொடுக்க ஒரு சிறிய, பழைய, காற்றால் குளிரும் ரேடியலுக்கு இன்றும் வலு இருக்கிறது. புதுச்சேரி அரசும் கல்விக்கூடங்களும் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து இதை முடிவு செய்ய வேண்டும்.